பல் வேரும் நுண்ணுயிரும்

நம் ஊர்க் கல்யாண வீடுகளில் பந்தி முடிந்த பிறகு, சமையற்காரர் எச்சில் இலைகளை எண்ணிக் கணக்குச் சொல்வதை நீங்கள் பார்த்திருக்கலாம். எத்தனை பேர் உண்டார்கள் என்பதை அறிவதற்கு அது நல்ல வழிதான். ஆனால் எத்தனை பேர் வந்திருந்தார்கள் என்பதை அறிவதற்கு அது போதுமா? விரதம் இருப்பவர் இலையில் உட்காருவதில்லை. பிற வீட்டில் உண்ணாத ஆசாரமுடையவர் பாக்கு வெற்றிலையோடு விடைபெற்றுக்கொள்வார். நோயாளி ஒருவர் தமக்கு ஒத்துக்கொள்ளாது என்று எழுந்துவிடுவார். இவர்களெல்லாம் வந்தவர்களே, ஆயினும் இலைக் கணக்கில் வராதவர்கள்.

நுண்ணுயிர்களைக் கண்டறிவதற்கு விஞ்ஞானிகள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கையாண்டு வந்த முறை இந்த இலை எண்ணும் முறையைப் போன்றதே. ஒரு தட்டில் உணவை வைத்து, அதன்மேல் ஐயத்துக்குரிய பொருளைத் தடவி, இளஞ்சூட்டில் வைத்திருந்து, எது உண்டு வளர்ந்து பெருகுகிறது என்று பார்ப்பார்கள். வளர்ந்தது இருந்தது, வளராதது இல்லை. இந்த ‘இல்லை’ என்ற சொல்லைப் பற்றித்தான் நான் இன்று பேசப் போகிறேன். அதற்கு நான் தேர்ந்தெடுத்துக்கொண்ட இடம் மிகச் சிறியது. பல்லின் வேருக்குள் ஓடும் கால்வாய்.

பல்லைக் கல்லைப் போன்ற ஒரு பொருளாகவே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். ஆனால் அது உயிருள்ள உறுப்பு. வெளியே எனாமல் என்னும் கடினமான பூச்சு; அதற்குள்ளே டென்டின் என்னும் எலும்பை ஒத்த பொருள்; நட்ட நடுவில் பற்கூழ் என்னும் மெல்லிய சதை. இப்பற்கூழில் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் இருக்கின்றன. அவை வேரின் நுனியிலுள்ள ஒரு நுண்ணிய துளை வழியாகத் தாடை எலும்பிலிருந்து உள்ளே வருகின்றன. பல்லின் தலைப் பகுதியில் ஓர் அறையைப் போலவும், வேரில் ஒரு மெல்லிய வாய்க்காலைப் போலவும் பற்கூழ் அமைந்திருக்கிறது. இந்த வாய்க்காலுக்குத்தான் ஆங்கிலத்தில் ரூட் கெனால் என்று பெயர். அதைச் சுத்தம் செய்து அடைக்கும் சிகிச்சைக்கே மக்கள் அப்பெயரை இட்டு, ‘ரூட் கெனால் செய்துகொண்டேன்’ என்கிறார்கள். நாம் வேர்க்கால்வாய் என்றும், வேர்ச் சிகிச்சை என்றும் சொல்லுவோம்.

சொத்தை ஆழமாகிப் பற்கூழை எட்டினாலும், விளையாட்டில் அடிபட்டு இரத்த ஓட்டம் அறுந்தாலும் பற்கூழ் இறந்துபோகிறது. அங்கேதான் தொல்லை தொடங்குகிறது. உடலின் மற்றப் பகுதிகளில் கிருமி புகுந்தால் இரத்தத்தின் வழியே வெள்ளணுக்கள் விரைந்து சென்று போராடுகின்றன. இறந்த பற்கூழில் இரத்தம் இல்லை. ஆகவே காவலரும் இல்லை. நாம் விழுங்கும் மாத்திரையும் இரத்தத்தின் வழியே செல்லவேண்டிய பொருள்தான். அதுவும் அங்கே போய்ச் சேருவதில்லை. காவலர் கைவிட்ட கோட்டையில் குடியேறிய பகைவரைப் போலப் பாக்டீரியாக்கள் அந்தக் கால்வாயில் அச்சமின்றி வாழ்கின்றன. அவற்றின் கழிவும் நஞ்சும் வேர்நுனித் துளை வழியே கசிய, வெளியேயுள்ள எலும்பு கரைந்து, எக்ஸ்-கதிர்ப் படத்தில் கரிய நிழலாகத் தெரிகிறது. சில சமயம் வலியும் வீக்கமும் உண்டாகும். சில சமயம் ஆண்டுக்கணக்கில் ஒரு குறியும் தெரியாது.

இந்நிலையில் மருந்தைவிட மருத்துவரின் கைதான் வேலை செய்தாகவேண்டும். மெல்லிய அரங்களை உள்ளே செலுத்தி, இறந்த சதையைச் சுரண்டி எடுத்து, சோடியம் ஹைப்போகுளோரைட்டுக் கரைசலால் கழுவி, தேவையானால் கால்சியம் ஹைடிராக்சைடைச் சில நாள் உள்ளே வைத்திருந்து, கடைசியில் கட்டாபெர்ச்சா என்னும் ரப்பரைப் போன்ற பொருளால் கால்வாயை அடைத்துவிடுகிறார். அடைத்த பின்பு உள்ளே பார்க்க வழியில்லை. எனவே, எப்போது அடைக்கலாம் என்பதே பெரிய கேள்வி. உள்ளே உயிருள்ள பகை மிஞ்சியிருக்க அடைத்தால், பல்லுக்குள் நோயைப் பூட்டிவைத்ததாகும். வீணாக அஞ்சி அடைக்காமலே நாள் கடத்தினால், புதிய கிருமிகள் உமிழ்நீரோடு புக இடம் கொடுத்ததாகும்.

பல்லில் உயிர்ப்பொருள் புகுந்து அதைக் கெடுக்கிறது என்ற எண்ணம் புதிதன்று. ‘பூச்சிப் பல்’ என்று நாம் இன்றும் சொல்லுகிறோம். கண்டங்கத்திரி விதையைத் தணலில் இட்டு, அதன் புகையை வாயில் ஏற்றிப் பற்புழுவை வெளியேற்றுவதாகச் சொல்லும் கைவைத்தியம் நம் கிராமங்களில் இருந்துவந்தது. அப்படிப்பட்ட புழு பல்லில் கிடையாது. ஆனால் ஏதோ ஒன்று உள்ளே வாழ்கிறது என்ற ஊகம் முழுப் பிழையும் அன்று.

அந்த ஏதோ ஒன்றை முதலில் கண்ணால் கண்டவர் ஹாலந்து நாட்டு டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் லீவன்ஹுக். அவர் தம் கையால் தேய்த்துச் செய்த சிறு கண்ணாடி வில்லையின் வழியே, பற்களின் இடுக்கில் படிந்திருந்த வெள்ளைப் பொருளைப் பார்த்தார். தாம் நாள்தோறும் உப்பினால் பல் தேய்ப்பவராயிருந்தும், அப்பொருளில் எண்ணிறந்த சிறு பிராணிகள் நீந்தித் திரிவதைக் கண்டு வியந்து, 1683ஆம் ஆண்டில் லண்டனிலுள்ள ராயல் சொசைட்டிக்கு எழுதினார். பல் துலக்கியே அறியாத ஒரு முதியவரின் வாயையும் அவர் விட்டுவைக்கவில்லை!

இருநூறு ஆண்டு கழித்து, பெர்லினில் பணியாற்றிய அமெரிக்கப் பல் மருத்துவர் வில்லோபி மில்லர் இந்த ஆராய்ச்சியை வேர்க்கால்வாய்க்குள் கொண்டுபோனார். நுண்ணுயிரியலின் தந்தையருள் ஒருவரான ராபர்ட் காஹ்கின் தொடர்பு அவருக்கு இருந்தது. வாயின் நுண்ணுயிர்களைப் பற்றி 1890இல் ஒரு பெருநூலை வெளியிட்ட மில்லர், 1894இல் இறந்த பற்கூழைப் பற்றித் தம் ஆராய்ச்சியை எழுதினார். மைக்ராஸ்கோப்பின் கீழ் உருண்டை வடிவத்தனவும், குச்சி வடிவத்தனவும், சுருள் வடிவத்தனவுமான பாக்டீரியாக்களை அவர் கண்டார். அவற்றை வளர்க்க முயன்றபோது பல வளரவில்லை. கண்ணுக்குத் தெரிகிறது; தட்டில் முளைக்கவில்லை. அந்நாளிலேயே இலைக் கணக்குக்கும் வந்தவர் கணக்குக்கும் வேறுபாடு தெரிந்துவிட்டது என்று நான் கருதுகிறேன். ஆனால் அந்த வேறுபாட்டைத் தீர்க்கும் கருவி அப்போது இல்லை.

அறியாமைக்கு மக்கள் கொடுத்த விலையையும் இங்கே சொல்லவேண்டும். 1910ஆம் ஆண்டில் கனடாவின் மான்ட்ரியல் நகரத்தில் வில்லியம் ஹன்டர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். வாயில் தங்கிய சீழும் கிருமியும் உடலின் பல நோய்களுக்குக் காரணம் என்பது அவர் கருத்து. அக்கருத்து காட்டுத்தீயாய்ப் பரவிற்று. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும், மூட்டுவலி முதலிய நோய்களுக்குக் காரணம் தேடி, பிழைக்கக்கூடிய பற்களையும் பிடுங்கி எறிந்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டமுடியாத போது, இருக்கிறது என்று அஞ்சுகிறவரின் குரலே ஓங்கும்.

அந்த அச்சத்துக்கு விடையாக எழுந்ததுதான் வளர்ப்புச் சோதனை. பிலடெல்ஃபியாவைச் சேர்ந்த லூயி கிராஸ்மன் போன்ற ஆசிரியர்கள், கால்வாயிலிருந்து எடுத்த மாதிரியை வளர்ப்புத் திரவத்தில் இட்டு, ஒன்றும் வளரவில்லை என்று உறுதியான பின்பே பல்லை அடைக்கவேண்டும் என்று கற்பித்தார்கள். பல்லைப் பிடுங்காமல் காப்பாற்ற இச்சோதனை ஓர் அரண் ஆயிற்று. ஆனால் 1964இல் பெண்டர், செல்ட்சர் முதலியோர், இச்சோதனையைச் செய்வதா வேண்டாவா என்ற கேள்வியையே எழுப்பினார்கள். கிருமி வளர்ந்த பற்களுக்கும் வளராத பற்களுக்கும் குணமடைவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தங்களுக்குத் தெரியவில்லை என்றார்கள். அதன் பிறகு மருத்துவமனைகளில் இவ்வழக்கம் மெல்ல மறைந்துவிட்டது.

அப்படியானால் கிருமிக்கும் நோய்க்கும் தொடர்பே இல்லையா? அடுத்த ஆண்டிலேயே இதற்குத் திட்டவட்டமான விடை கிடைத்தது. காகேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரல்ட் என்ற மூவர் 1965இல் வெளியிட்ட சோதனை அது. பிறந்தது முதல் ஒரு கிருமியும் அண்டாமல் வளர்க்கப்பட்ட எலிகளின் கடைவாய்ப் பல்லில் துளையிட்டுப் பற்கூழைத் திறந்துவிட்டார்கள். சாதாரண எலிகளுக்கும் அவ்வாறே செய்தார்கள். இருவகை எலிகளுக்கும் தீனி அந்தத் துளையில் அடைந்துகொண்டது. சாதாரண எலிகளின் பற்கூழ் அழுகிச் சீழ் கட்டிற்று. கிருமியற்ற எலிகளிலோ, துளையின் மேல் டென்டின் பாலம் போலப் படர்ந்து புண்ணை மூடிக்கொண்டது. காயம் ஒன்றே, அழுக்கும் ஒன்றே. கிருமி மட்டுமே வேறுபாடு. பரீட்சைக்குப் படிக்கும் மாணவர்கள் நினைவில் வைக்கவேண்டிய சோதனைகளுள் இதை நான் முதலாவதாக வைப்பேன். ஒன்றைத் தவிர மற்றெல்லாவற்றையும் சமமாக வைத்துச் சோதிப்பது எப்படி என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

கிருமிதான் காரணம் என்றால் பழைய சோதனை ஏன் தடுமாறியது? ஸ்வீடன் நாட்டு ஊமெயோ பல்கலைக்கழகத்தில் கோரன் சுண்ட்க்விஸ்ட் 1976இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு விளக்கம் தந்தது. அவர் எடுத்துக்கொண்டவை, அடிபட்டுப் பற்கூழ் இறந்துபோன, ஆனால் மேலே சொத்தையோ துளையோ இல்லாத 32 பற்கள். எலும்பு கரைந்திருந்த 19 பற்களுள் 18இல் பாக்டீரியா கிடைத்தது. எலும்பு நன்றாயிருந்த பற்களில் கிடைக்கவில்லை. கிடைத்தவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை ஆக்சிஜன் பட்டால் வாழமுடியாத இனங்கள்! காற்றுப் புகாத பாதாளத்தில் வாழும் அவை, மாதிரியை எடுத்துச் செல்லும் வழியிலேயே மூச்சு முட்டி அல்ல, மூச்சே பகையாகி மாண்டுபோயிருக்கின்றன. காற்றில்லாப் பெட்டிக்குள் வைத்து அவற்றை வளர்க்கக் கற்றபோதுதான் கணக்கு விரிந்தது.

ஆயினும் கணக்கு முடியவில்லை. சில பாக்டீரியாக்களின் தேவைகள் மிக விசித்திரமானவை. டானரெல்லா ஃபார்சித்தியா என்று ஒரு பாக்டீரியா உண்டு. அதன் வளர்ச்சிக்கு என்-அசிட்டைல் மியூராமிக் அமிலம் என்ற பொருள் வேண்டும். அதைத் தானே செய்துகொள்ள அதற்கு இயலாது. அக்கம்பக்கத்துப் பாக்டீரியாக்கள் செய்வதைப் பெற்றே அது பிழைக்கிறது. அதைத் தனியே பிரித்து, சாதாரண உணவிட்டு, ‘வளர்’ என்றால் எப்படி வளரும்? நாம் தூய வளர்ப்பு என்று பெருமையாகச் சொல்வது, அந்தப் பாக்டீரியாவுக்குச் சோற்றிலிருந்து உப்பையும் நீரையும் பிரித்துக்கொண்டதற்குச் சமம்.

வளர்க்காமலே கண்டறிய ஒரு வழி வேண்டும். அந்த வழியை மூலக்கூற்று முறை திறந்துவிட்டது. உயிரிகள் எல்லாவற்றின் உடலணுவிலும் டி.என்.ஏ. என்னும் நீண்ட மூலக்கூறு இருக்கிறது. நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட நூல் அது என்று சொல்லலாம். உயிரியைப் பிடித்து வளர்க்க முடியாவிட்டாலும், அதன் நூலிலிருந்து ஒரு பக்கம் கிடைத்தால் அது யாரென்று சொல்லிவிட முடியாதா?

எந்தப் பக்கத்தைப் படிப்பது என்பதைக் காட்டியவர் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் வோஸ். புரதங்களைச் செய்யும் தொழிற்சாலைகளாகிய ரைபோசோம்கள் எல்லா உயிரிகளிலும் உண்டு. அவற்றின் உறுப்பாகிய 16எஸ் ஆர்.என்.ஏ. என்ற மூலக்கூற்றை ஒப்பிட்டு, உயிரினங்களின் உறவுமுறையை அவர் 1977இல் புதிதாக வகுத்தார். இம்மூலக்கூற்றுக்குரிய மரபணு ஏறத்தாழ 1,500 எழுத்து நீளமுள்ளது. அதில் சில பகுதிகள் எல்லாப் பாக்டீரியாக்களிலும் ஏறக்குறைய மாறாமல் இருக்கின்றன. சில பகுதிகள் இனத்துக்கு இனம் மாறுகின்றன. தமிழ்நாட்டு மோட்டார் வண்டிகளின் எண் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு எழுத்துகள் எல்லா வண்டிகளுக்கும் பொது. பின்னால் வருவன வண்டிக்கு வண்டி வேறு. பொதுப் பகுதி இருப்பதால் எந்த வண்டியையும் நிறுத்தலாம். வேறுபடும் பகுதி இருப்பதால் இன்ன வண்டி என்று எழுதிக்கொள்ளலாம்.

ஆனால் கால்வாயிலிருந்து நாம் எடுக்கும் மாதிரி துளியினும் சிறிது. அதிலுள்ள டி.என்.ஏ.யைப் பெருக்கினாலன்றிப் படிக்க இயலாது. 2020ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவியபோது மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக் குச்சியை விட்டு எடுத்த சோதனையை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அதன் பெயரில் வரும் பி.சி.ஆர். என்பதே இந்தப் பெருக்கும் முறை. பாலிமரேஸ் தொடர்வினை என்று அதைத் தமிழில் சொல்லலாம். டி.என்.ஏ. முறுக்கிய ஏணியைப் போன்றது. அதைச் சுமார் 95 டிகிரி சென்டிகிரேடுக்குச் சூடாக்கினால் ஏணி நடுவே பிளந்து இரண்டு இழைகளாகிறது. சற்றுக் குளிரவிட்டால், நாம் முன்பே கலந்துவைத்த சிறு தொடக்கத் துண்டுகள் அவ்விழைகளில் தமக்குரிய இடத்தைத் தேடி ஒட்டிக்கொள்கின்றன. மறுபடி 72 டிகிரிக்கு உயர்த்தினால் பாலிமரேஸ் என்னும் என்சைம் அத்துண்டிலிருந்து தொடங்கி, குறைந்த பாதியைக் கட்டி முடிக்கிறது. ஒன்று இரண்டாயிற்று. மீண்டும் சூடு, மீண்டும் குளிர்ச்சி, இரண்டு நான்காகும். சதுரங்கக் கட்டங்களில் நெல் கேட்ட புலவர் கதையை அறிந்தவர்கள் மேலே கணக்கிட்டுக்கொள்ளலாம். குறையின்றி நடந்தால் 30 சுற்றில் ஒன்று 107 கோடிக்கு மேல் ஆகிவிடும்.

இந்த எண்ணம் 1983இல் கேரி முல்லிஸ் என்ற அமெரிக்க இரசாயனருக்குத் தோன்றியது. 1993இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் ஓர் இடையூறு இருந்தது. முட்டையின் வெண்கரு கொதிநீரில் உறைந்துபோவதைப் போல, சாதாரண என்சைம்கள் 95 டிகிரியில் கெட்டுவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் புதிய என்சைமை ஊற்றவேண்டியிருந்தது. கொதிக்கும் இடத்திலேயே வாழும் ஓர் உயிரியின் என்சைம் கிடைத்தால் இத்தொல்லை தீரும். தாமஸ் பிராக் என்ற விஞ்ஞானி, அமெரிக்காவின் எல்லோஸ்டோன் பூங்காவில் உள்ள வெந்நீர் ஊற்றுகளிலிருந்து, இன்னதற்கு உதவும் என்ற எண்ணமே இல்லாமல், 1960களில் தெர்மஸ் அக்குவாட்டிக்கஸ் என்ற பாக்டீரியாவைப் பிடித்து வைத்திருந்தார். அதன் என்சைமே பி.சி.ஆருக்குக் கைகொடுத்தது. வெந்நீர் ஊற்றுக்கும் பல் வேருக்கும் இப்படி ஒரு தொடர்பு!

இம்முறையைக் கொண்டு இரண்டு விதமாகக் கேள்வி கேட்கலாம். ‘இன்னார் இருக்கிறாரா?’ என்று ஓர் இனத்துக்கே உரிய தொடக்கத் துண்டைப் போட்டுக் கேட்பது ஒன்று. ‘யார் யார் இருக்கிறீர்கள்?’ என்று எல்லாவற்றுக்கும் பொதுவான துண்டைப் போட்டு, பெருகிய டி.என்.ஏ. முழுவதையும் எழுத்தெழுத்தாகப் படிப்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு நாம் பெயர் அறிந்தவர் மட்டுமே விடை சொல்வர். இரண்டாவது கேள்விக்கு, நாம் கனவிலும் கருதாதவர்களும் கை தூக்குவார்கள்.

அப்படியே நடந்தது. முன்பு சொன்ன டானரெல்லா ஃபார்சித்தியா வேர்க்கால்வாயில் இருப்பதை, கான்ராட்ஸ் குழுவினர் 1997இல் பி.சி.ஆர். முறையால்தான் கண்டார்கள். அது வரை வளர்ப்புத் தட்டில் அது அங்கிருந்து கிடைத்ததில்லை. பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனீரோவில் சிக்கெய்ரா, ரோசாஸ் என்ற இருவர் தொடர்ந்து செய்த ஆராய்ச்சிகளில், டிரிப்போனீமா டென்டிகோலா போன்ற சுருள் வடிவப் பாக்டீரியாக்களும் அடிக்கடி வெளிப்பட்டன. மில்லர் 1894இல் கண்ணால் கண்டும் வளர்க்க முடியாமற்போன சுருள் உருவங்கள், நூறு ஆண்டு கழித்துத் தங்கள் பெயரைச் சொல்லின! 2002இல் லண்டன் ஆராய்ச்சியாளர்கள் ஒரே மாதிரிகளை வளர்ப்பு முறையாலும் மூலக்கூற்று முறையாலும் சோதித்து, ஒன்று காட்டாததை மற்றொன்று காட்டுவதை எடுத்துரைத்தார்கள். இன்று மொத்தத்தில் தெரியவருவது இது: நோயுற்ற வேர்க்கால்வாய்களில் மூலக்கூற்று முறை காட்டும் பாக்டீரியா வகைகளில் ஏறத்தாழப் பாதி, இதுவரை யாரும் வளர்த்தறியாதவை. அவற்றுக்கு முறையான பெயர்கூட இல்லை, எண்ணால் குறிப்பிடுகிறார்கள்.

பழைய முடிவுகள் சிலவற்றையும் திருத்தவேண்டியதாயிற்று. அடைத்த பின்பும் குணமாகாத பற்களில் என்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்ற பாக்டீரியாவே முதன்மையான குற்றவாளி என்று நெடுநாள் கருதினார்கள். வளர்ப்புத் தட்டில் அது தவறாமல் தலைகாட்டியதே அதற்குக் காரணம். அதுவோ எந்த உணவிலும் எளிதில் வளரும். எந்தப் பந்தியிலும் முதலில் உட்காரும் இயல்புடையது. மூலக்கூற்று முறையில் பார்த்தபோது, பல பற்களில் அது பலரோடு ஒருவராகவே இருந்தது. சிலவற்றில் இல்லவே இல்லை. அது குற்றமற்றது என்று நான் சொல்லவில்லை. கூட்டத்தில் உரக்கப் பேசுபவர் எல்லாம் தலைவர் ஆகமாட்டார் அல்லவா?

இம்முறையின் கூர்மையே இதற்கு இடர்ப்பாடும் ஆகிறது. ஒரு துளி உமிழ்நீரில் இலட்சக்கணக்கான பாக்டீரியாக்கள் உண்டு. அதன் ஒரு நுண்துகள் மாதிரியில் பட்டுவிட்டாலும், பி.சி.ஆர். அதையும் பெருக்கிக் காட்டும். ஆகவே மாதிரி எடுப்பது பூசைக்குரிய ஆசாரத்தோடு நடக்கவேண்டிய வேலை. பல்லைச் சுற்றி மெல்லிய ரப்பர் விரிப்பை மாட்டி உமிழ்நீரைத் தடுக்கவேண்டும். பல்லையும் விரிப்பையும் ஹைடிரஜன் பெராக்சைடாலும், அயோடின் அல்லது ஹைப்போகுளோரைட்டாலும் துடைக்கவேண்டும். அம்மருந்து மாதிரியையே கெடுத்துவிடாதபடி அதை முறிக்கும் பொருளைத் தடவவேண்டும். பல்லின் வெளிப்புறத்திலிருந்து ஒரு மாதிரி எடுத்துச் சோதித்து, அதில் ஒன்றும் இல்லையென்று உறுதி செய்துகொள்ளவேண்டும். பிறகே கிருமியற்ற கூரிய காகிதக் குச்சியைக் கால்வாயில் விட்டு ஈரத்தை உறிஞ்சச் செய்கிறார்கள். இவ்வளவு செய்தாலும், டென்டினில் ஆயிரக்கணக்காக உள்ள நுண்குழாய்களுக்குள் பதுங்கியவை காகிதக் குச்சிக்கு எட்டுவதில்லை. ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படிக்கும்போது முடிவுப் பகுதிக்குத் தாவாமல், மாதிரி எடுத்த விதத்தை முதலில் படியுங்கள் என்று என் மாணவர்களிடம் நான் சொல்வது இதற்காகவே.

அவ்வாறு படித்துப் பழகிய மாணவி ஒருவர் ஒருநாள் என்னிடம் இரண்டு தாள்களைக் கொண்டுவந்தார். ஒரே பல், கழுவிச் சுத்தம் செய்த பின் எடுத்த ஒரே மாதிரி. வளர்ப்புச் சோதனை, ‘ஒன்றும் வளரவில்லை’ என்றது. பி.சி.ஆர். சோதனை, ‘பாக்டீரியா உண்டு’ என்றது. “எதை நம்புவது, ஐயா? பல்லை அடைக்கலாமா, கூடாதா?” என்று கேட்டார். நான் இதுவரை சொன்னதைக் கேட்ட நீங்கள், பி.சி.ஆரையே நம்பவேண்டும் என்று உடனே சொல்லிவிடுவீர்கள். அவசரப்படவேண்டாம்.

கல்யாண வீட்டில் இலைக் கணக்கைத் தவிர மொய்ப் புத்தகம் என்று ஒன்று உண்டு. உண்ணாமல் போனவர் பெயரும் அதில் இருக்கும் என்பது உண்மை. ஆனால் வராமலே மொய்யைக் கொடுத்தனுப்பியவர் பெயரும், வந்து போய்விட்டவர் பெயரும் அதில் இருக்கும். டி.என்.ஏ.யும் அப்படித்தான். பாக்டீரியா செத்தவுடன் அதன் டி.என்.ஏ. மறைந்துவிடுவதில்லை. பல்லிலோ அது மறையாமல் இருக்கத் தனிக் காரணமும் இருக்கிறது. டென்டினின் பெரும்பகுதி ஹைடிராக்சிஅப்பட்டைட் என்னும் கனிமப் பொருள். டி.என்.ஏ. அதில் இறுக ஒட்டிக்கொள்ளும், ஆய்வுக்கூடங்களில் டி.என்.ஏ.யைப் பிரித்தெடுப்பதற்கே இக்கனிமத்தைப் பயன்படுத்துவதுண்டு. ஸ்வீடனில் புருண்டின், ஃபிக்டர், சுண்ட்க்விஸ்ட், ஷோகிரன் ஆகியோர் 2010இல் இதை ஆராய்ந்தார்கள். பிடுங்கிய பற்களின் கால்வாயில் சூட்டால் கொல்லப்பட்ட பாக்டீரியாக்களை இட்டு வைத்தபோது, ஈராண்டுக்குப் பின்னரும் பெரும்பாலான பற்களில் அவற்றின் டி.என்.ஏ. பி.சி.ஆருக்கு அகப்பட்டது. பிணத்தையும் ஆளையும் ஒன்றாக எண்ணும் கணக்கு இது.

மேலும், வளர்ப்பு முறையை இகழ்வதும் நியாயம் அன்று. ஷோகிரனும் அவர் தோழரும் 1997இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், எலும்பு கரைந்திருந்த 55 பற்களை ஒரே அமர்வில் சுத்தம் செய்து, அடைப்பதற்குச் சற்று முன் மாதிரி எடுத்து, காற்றில்லா முறையில் கவனமாக வளர்த்துப் பார்த்தார்கள். பற்களை ஐந்தாண்டு வரை தொடர்ந்து கவனித்தார்கள். கிருமி வளராத பற்களில் நூற்றுக்கு 94 குணமடைந்தன; வளர்ந்த பற்களில் நூற்றுக்கு 68 மட்டுமே. 1964இல் தெரியாத வேறுபாடு, முறை திருந்தியவுடன் தெரிந்துவிட்டது. பாதி விருந்தினரைக் காணத் தவறும் இலைக் கணக்கே இவ்வளவு சொல்லுமானால் அது வெறுங்கணக்கு அல்ல. உயிரோடிருந்து பெருகக்கூடியதை மட்டுமே அது காட்டுகிறது என்பது அதன் குறையாகவும் பலமாகவும் ஒருங்கே நிற்கிறது.

ஆகவே அம்மாணவிக்கு நான் சொன்ன விடை, இரண்டு தாள்களும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்கின்றன என்பதே. முதலில் யார் குடியிருந்தார்கள் என்று அறியச் சிகிச்சைக்கு முன் எடுத்த மாதிரியில் டி.என்.ஏ. சிறந்த சாட்சி. கழுவிய பின் யார் பிழைத்திருக்கிறார்கள் என்று அறிய அது தனியே போதாது.

பிழைத்தவரையும் மாண்டவரையும் பிரித்துக் காட்டவும் மூலக்கூற்று முறையிலேயே இப்போது வழிகள் உண்டு. டி.என்.ஏ.க்குப் பதிலாக ஆர்.என்.ஏ.யைத் தேடுவது ஒன்று. அது உயிருள்ள அணு ஓயாமல் செய்துகொண்டிருக்கும் பொருள். அணு மாண்டால் டி.என்.ஏ.யைவிட விரைவில் சிதைந்துவிடும். புரோப்பிடியம் மோனோஅசைடு என்னும் சாயத்தைக் கலப்பது மற்றொன்று. உயிருள்ள பாக்டீரியாவின் உறை அச்சாயத்தை உள்ளே விடாது. மாண்டதன் உறை கிழிந்திருக்குமாதலால் சாயம் புகுந்து, ஒளி பட்டவுடன் அதன் டி.என்.ஏ.யோடு பிணைந்துகொண்டு, பி.சி.ஆரில் பெருகாதபடி செய்துவிடும். இவையெல்லாம் இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்து வேலைகளே. பல் மருத்துவரின் நாற்காலியருகே, அடைக்கலாம் என்றோ அடைக்கக்கூடாது என்றோ சொல்லும் சோதனை வழக்கத்துக்கு வந்துவிடவில்லை. மருத்துவர் இன்றும் தம் கைத்திறமையையும், கழுவும் கரைசலையும், பின்னாளில் எடுக்கும் எக்ஸ்-கதிர்ப் படத்தையுமே நம்பியிருக்கிறார்.

இனி, பெயரில்லாமல் எண்ணால் அழைக்கப்படும் அந்தப் பாக்டீரியாக்களின் கதி என்ன? டி.என்.ஏ.யின் ஒரு பக்கத்தைப் படித்து, ‘இப்படி ஒன்று இருக்கிறது’ என்று சொல்லலாம். அது எதை உண்கிறது, எந்த நஞ்சைக் கக்குகிறது, எந்த மருந்துக்கு மடிகிறது என்று அந்தப் பக்கத்திலிருந்து அறிய முடியாது. அதற்கு அதைப் பிடித்து வளர்த்தே ஆகவேண்டும். சினர்ஜிஸ்டீட்டஸ் என்னும் குலத்தைச் சேர்ந்த சில பாக்டீரியாக்கள் இவ்வாறு வாயிலும் வேர்க்கால்வாயிலும் டி.என்.ஏ. அளவில் மட்டுமே தெரிந்திருந்தன. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் வில்லியம் வேடும் அவர் தோழர்களும் ஈறு நோயுற்றவரின் பல்லோரப் படிவை எடுத்துத் தட்டில் பரப்பி, அதில் முளைத்த கலப்புக் கூட்டத்தின் எந்த மூலையில் அந்த டி.என்.ஏ. இருக்கிறது என்று மூலக்கூற்று முறையாலேயே தேடினார்கள். அந்த மூலையை மட்டும் சுரண்டி வேறு தட்டில் இட்டார்கள், மறுபடி தேடினார்கள், மறுபடி சுரண்டினார்கள். தனியே விட்டால் அது வளரவில்லை. அதன் பழைய அண்டை அயலாரான வேறு பாக்டீரியாக்களைப் பக்கத்தில் குடிவைத்தபோது வளர்ந்தது. 2013இல் அதற்கு முறைப்படி பெயர் சூட்டினார்கள்: ஃபிரெட்டிபாக்டீரியம் ஃபாஸ்டிடியோசம். அப்பெயரின் பின்பாதிக்கு, எளிதில் திருப்தியடையாதது என்று பொருள்.